தம்பி வரமாட்டான்

"நான் வரலை அண்ணி. சும்மா சும்மா கேக்காதீங்க."

சிட்டிபாபு நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பிரித்துப் போட்ட பம்ப்செட் மோட்டாருக்குச் செம்புக் கம்பிச் சுருள் கட்டிக்கொண்டிருந்தான்.

அலமுவுக்கு நிற்கத் தெம்பில்லை. கடை ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். புருஷனைச் சென்னை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, காஞ்சிபுரத்தில் இறங்கி, வேறு பஸ் பிடித்து முசரவாக்கம் வந்திருந்தாள்.

"நேத்தும் உங்க அண்ணன் ரத்த வாந்தி எடுத்தாருப்பா. உடம்பு சீக்கிரமே கிழடாயிடற பரம்பரைக் கோளாறாம். ஈரல் கெட்டுப்போய், உள்ள ரத்தக் குழாயெல்லாம் புடைச்சுக்கினு வெடிக்குதாம். உங்க அப்பாவும் இப்படித்தானே போனாரு?"

சிட்டிபாபு கம்பியை இழுத்து இன்னொரு சுற்று சுற்றினான்.

"கூடப் பொறந்தவன் ஈரல்ல ஒரு துண்டு குடுத்தா பொழைச்சுக்குவாராம். முதல்ல டெஸ்ட்டுக்காவது வாயேன்."

"பயமா இருக்குது அண்ணி."

கோபப்படக்கூட அசதியாக இருந்தது அவளுக்கு.

"அப்பா போனப்ப நீ சின்னப் பையன். உன்னை வளர்க்கறதுக்காகக் காலேஜை விட்டுட்டு, பட்டுக் கடையில புடவை மடிக்கப் போனவருப்பா அவரு. பரவாயில்ல. நீ நல்லா இரு."

எழுந்து நடந்தாள். பின்னாலேயே வந்தான்.

"போன மாசமே அந்த ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துட்டேன் அண்ணி."

அலமு திரும்பினாள்.

"எனக்கும் அதேதானாம். என் ஈரல் யாருக்கும் ஒதவாது. அண்ணனுக்கு மட்டும் தெரிய வேணாம். தெரிஞ்சா அது மருந்தே சாப்புடாது. தம்பி பயந்தாங்கொள்ளின்னு சொல்லிடுங்க. என்னைத் திட்டிக்கினாவது இருக்கட்டும்."

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் அழவில்லை. அழுதால் முகம் காட்டிக் கொடுத்துவிடும்.

வார்டில் வரதராஜன் விழித்துக்கொண்டுதான் இருந்தான்.

"வேணாம்னு சொல்லியும் அவனைப் பார்க்கப் போனியா?"

"போனேங்க. வரமாட்டானாம். பயமாம். பெத்த பிள்ளை மாதிரி வளர்த்தீங்களே, அவனை..."

பொய்க் கோபம் சரியாக வரவில்லை.

வரதராஜன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அவனைத் திட்டாத அலமு. எனக்கு இந்த நோவு ஆரம்பிச்சப்ப வந்த மாதிரியே அவன் நாக்குலயும் வெள்ளைப் படை இருக்குது. பொங்கலுக்கு வந்தப்பவே பார்த்துட்டேன். எனக்குத் தெரியும்னு மட்டும் அவன்கிட்ட சொல்லிடாத."