ஒன்பது மணிச் சாப்பாடு

தட்டு வந்துவிட்டது. கைதான் எழவில்லை.

நாலு இடியாப்பம். சொதி. கத்தரிக்காய்ப் பால்கறி. ஆவி பறக்கிறது.

கடிகாரத்தைப் பார்த்தாள். இரவு ஒன்பது.

ஜன்னலைப் பார்த்தாள். எதிர்க் கட்டிடத்தில் வெயில் பளிச்சென்று அடிக்கிறது.

நார்வேயின் ஆஸ்லோவில் ஜூன் மாதம் இப்படித்தானாம். இன்றைக்குச் சூரியன் மறைவது பத்து நாற்பத்து மூன்றுக்கு. தங்கியிருக்கும் ஹோட்டலில் இரண்டு முறை கேட்டு, நோட்டில் குறித்துக்கொண்டுதான் இந்தத் தமிழ்ச் சாப்பாட்டுக் கடைக்கு வந்தாள்.

ஆக, சாப்பிடலாம். தாராளமாகச் சாப்பிடலாம்.

அறுபத்தெட்டு வயதாகிறது. பொழுது சாய்ந்த பிறகு ஒரு பருக்கை உண்டதில்லை. வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பம். விளக்கைத் தேடி வருகிற பூச்சி சோற்றில் விழுந்து செத்துவிடக் கூடாது என்று பெரியவர்கள் என்றைக்கோ வைத்த கட்டுப்பாடு. அவளுடையது உடும்புப் பிடி. பிரசவ ஆஸ்பத்திரியில்கூட விடவில்லை.

அவள் வீட்டுக்காரரும் சமணர்தான். ஆனால் மருந்துக் கடை வைத்திருந்தார். ஒன்பதுக்கு முன்னால் ஷட்டரை இறக்க முடியாது. காலையில் நின்றபடி இரண்டு இட்லி. மதியச் சாப்பாடு கடைக்கே போய்விடும். வீட்டில் அவர் உட்கார்ந்து சாப்பிட்டது ராத்திரி ஒரு வேளைதான்.

அவள் ஆறு மணிக்கே முடித்திருப்பாள். அவருக்குப் பரிமாறிவிட்டு எதிரில் உட்காருவாள்.

முதல் கவளத்தைப் பிசைந்து நீட்டுவார்.

"ஒரு வாய்?"

"எனக்கு ஆச்சு. நீங்க சாப்பிடுங்க."

நாற்பத்தொரு வருடம். ஒருநாள் தவறாமல் கேட்டார். ஒருநாள் தவறாமல் மறுத்தாள். பிடிவாதத்தில் ஒருத்தருக்கொருத்தர் இளைத்தவர்கள் இல்லை.

"பொழுதே சாயாத ஊர் ஒண்ணு இருக்காம். அங்க கூட்டிட்டுப் போறேன். அப்ப என்ன சாக்கு சொல்லுவேன்னு பாக்கறேன்."

சொன்ன மனுஷன் போன வருஷம் தை மாதம் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அவள் வந்திருக்கிறாள். தனியாகவா என்று பிள்ளைகள் தலையில் அடித்துக்கொண்டார்கள். தனியாகத்தான். நாளைக் காலை விமானம், மாலையில் கப்பல். கப்பல் போகிற வடகடலில் இந்த மாதம் சூரியன் மறைவதே கிடையாது. எட்டு ராத்திரி.

ஆனால் நேற்று இந்த ஊரில் வந்து இறங்கியதும் ஆறு மணிக்கே சாப்பிட்டுத் தொலைத்தாள். பழக்கதோஷம். இன்றைக்கு வயிற்றைக் காயப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஒன்பது மணிக்கு இங்கே ஒரு வாய் இறங்கவில்லை என்றால் கப்பலிலும் இறங்காது. அப்புறம் எதற்காக இவ்வளவு தூரம் வந்தது?

இடியாப்பத்தைப் பிய்த்தாள். சொதியில் நனைத்தாள்.

எதிர் நாற்காலி காலி.

இத்தனை வருஷம் குறுக்கே நின்றது சூரியன் என்றே நினைத்திருந்தாள்.

கடைக்காரி சிவமலர் துணியோடு மேசை துடைக்க வந்தாள். யாழ்ப்பாணத்துப் பெண். ஐம்பது இருக்கும். சமையல், பரிமாறல், பெருக்கல், கல்லா எல்லாம் அவள் ஒருத்திதான்.

"ஏனம்மா, இன்னும் சாப்பிடேல்லையோ? உறைக்குதோ?"

"இல்லம்மா. நீ சாப்பிட்டியா?"

"கடை பூட்டினாப் பிறகுதான். தனிய இருந்து எதையாவது விழுங்கிறது." சிரித்தாள்.

இவள் என்ன நினைத்தாளோ, தன் கையில் இருந்த கவளத்தை அப்படியே நீட்டிவிட்டாள்.

"ஒரு வாய்?"

"ஐயோ, வேண்டாம் அம்மா. நீங்கள் சாப்பிடுங்கோ."

சுருக்கென்றது.

அன்பாகத்தான் மறுத்தாள் அந்தப் பெண். தானும் அன்பாகத்தான் மறுத்திருப்பாள். ஆனாலும் நீட்டின கையைத் திருப்பி எடுப்பது இப்படியா கனக்கும்? இந்தக் கனத்தை ஒரு மனுஷன் மறுநாளும் மறுநாளும் தூக்கியிருக்கிறாரே. பாவி மனுஷன். ஒரு தடவையாவது கோபித்துக்கொண்டிருக்கலாம்.

கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் ஒற்றிக்கொண்டாள்.

"எத்தனை மணிக்குப் பூட்டுவே?"

"பத்துக்கு."

பக்கத்து மேசையிலிருந்து ஒரு தட்டை எடுத்துத் தன் தட்டை மூடினாள். வீட்டில் அவருக்கு மூடி வைப்பதுபோல.

"பூட்டிட்டு உன் தட்டையும் எடுத்துட்டு வா. சேர்ந்து சாப்பிடலாம். பத்து நாப்பத்து மூணு வரைக்கும் எனக்கு டைம் இருக்கு."

"ஏன், பிறகு என்ன, ரெயிலோ?"

"இல்ல. சூரியன்."

சிவமலருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் தலையாட்டினாள்.

பத்தடித்ததும் கதவைச் சாத்தி அட்டையைத் திருப்பிப் போட்டாள். அடுப்பை அணைத்தாள். தட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள். கதை முழுவதையும் கேட்டாள்.

வெயில் மாடிக்கு ஏறிவிட்டது. ஆனால் இருக்கிறது.

"நாளைக்குக் கப்பலில எத்தினை மணிக்குச் சாப்பிடுவியள்?"

"ஒன்பது மணிக்கு."

"ஆரோட?"

"பக்கத்துல யார் இருக்காங்களோ அவங்களைக் கேக்க வேண்டியதுதான்."

"அவை வேண்டாமெண்டா?"

மூடியை எடுத்தாள். இடியாப்பம் ஆறிப்போயிருந்தது. பிய்த்து, நனைத்து, வாயில் போட்டுக்கொண்டாள். அவசரப்படாமல் மென்று விழுங்கினாள்.

"மறுநாளும் கேப்பேன்."