ஆமை யாரிடமும் சொல்லாது

ஒரே ஒரு ஊரிலே, ஒரே ஒரு வீட்டிலே, ஒரு மாமியார், ஒரு மருமகள், தானாகவே தரை கூட்டுகிற ஒரு வட்ட மெஷின். மெஷினுக்கு வயது ஏழு. நடையைப் பார்த்து வீட்டில் வைத்த பெயர், ஆமை.

ஆமையை மாமியாரைத் தவிர வேறு யாரும் தொடக்கூடாது. அது கூட்டி முடித்ததும் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போவார். கதவைச் சாத்திக்கொள்வார். வெளியே வரக் கால் மணி நேரம் ஆகும்.

அன்று மெக்கானிக் வந்தார். கூப்பிட்டது மருமகள்.

“இதைக் குடுத்துட்டுப் புதுசு எடுத்துக்கலாம்னு பாக்கறேன் அண்ணா,” என்றாள், தோளில் நாலு மாதக் குழந்தையைத் தட்டிக்கொண்டே.

“எதுக்கு? நல்லாத்தானே ஓடுது,” என்றார் மாமியார்.

“நேத்து சோபாவுக்கு அடியில மாட்டிக்கிட்டு ஒரு மணி நேரம் அழுதுச்சே அத்தை.”

“வயசானா கொஞ்சம் அழத்தான் செய்யும். என்னையும் மாத்திடுவியா?”

மெக்கானிக் சிரிப்பை அடக்கிக்கொண்டு புதுசின் படத்தை நீட்டினார். “இது கெட்டிக்காரப் பயம்மா. பிரஷ்ல முடி சிக்கினா உடனே உங்க போனுக்குத் தகவல் வந்துடும். போட்டோவோட.”

மாமியார் முகம் மாறியது. “கோள் சொல்ற மெஷின் எல்லாம் என் வீட்டுக்கு வேண்டாம்.”

மருமகள் குழந்தையோடு உள்ளே போய்விட்டாள்.

“மருமக ஆசையா கேக்குது. கொஞ்சம் விட்டுக்குடுக்கக் கூடாதாம்மா?” மெக்கானிக்குக்கே மனசு கேட்கவில்லை.

மாமியார் அவரைப் பால்கனிக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார். ஆமையை மல்லாத்திப் போட்டார். பிரஷ் முழுக்க நீள நீளமாகத் தலைமுடி. பக்கத்தில் ஒரு சின்னக் கத்தரி, ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ்.

“புள்ள பொறந்ததுலேர்ந்து கொத்துக் கொத்தா கொட்டுது தம்பி. தரையில கிடக்கறதைப் பாத்துப் பாத்து அழுதா. சோறு இறங்கல. தானா நின்னுடும், ரெண்டு மாசம் பொறுங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இப்பத்தான் ஒரு வாரமா ஒழுங்கா சாப்பிடறா. அதுக்குள்ள போட்டோவா? இது எவ்வளவு விழுங்கினாலும் யார்கிட்டயும் சொல்லாது.”

மெக்கானிக் படத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். சக்கரத்தில் சுற்றியிருந்த நூலை எடுத்தார். பேட்டரியை மாற்றினார். ஆமை உருண்டு ஓடியது.

வாசலில் மருமகள் காத்திருந்தாள்.

“வேண்டாம்னுட்டாங்களா?”

“ரெண்டு மாசம் போகட்டும்கிறாங்க.”

அவள் குரலைத் தாழ்த்தினாள். “புதுசு, சிக்கின முடியைத் தானே வெட்டி எடுத்துடுமாமே. நிஜமா?”

“நிஜந்தான். ஏம்மா?”

“அத்தைக்கு மூட்டு வலி. தினம் கீழ உக்காந்து என் முடியைத்தான் எடுத்துட்டு இருக்காங்க. எனக்குத் தெரியாதுன்னு நினைப்பு. நீங்களும் சொல்லிடாதீங்க அண்ணா.”

மெக்கானிக் செருப்பை மாட்டிக்கொண்டார்.

“பால்கனியில ஒரு முக்காலி போட்டு வைம்மா. கேட்டா, பூந்தொட்டி வைக்கன்னு சொல்லிடு.”

“நீங்க சொல்ல மாட்டீங்களே?”

“நானும் ஆமைதாம்மா,” என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கிப் போனார்.