பெயர்க் கட்டம்

"என் பேர் எங்கண்ணே?"

பிளாட்டர் என்ற பெரிய பிரிண்டரிலிருந்து வெளியே வந்த பெரிய தாளைப் பிடித்துக்கொண்டு அவள் கேட்டாள். பதினாலு மாடிக் கட்டடத்துக்கான லிஃப்ட் டிராயிங். போன வருஷம் ஐந்து மாதம் கண் வலிக்க வலிக்க அவள் வரைந்து அனுப்பியது; இது இன்றைக்கு எடுத்த புதுப் பிரதி. வலது மூலையில் பெயர்க் கட்டம். 'வரைந்தவர்' என்ற இடத்தில் மேலாளர் பெயர் இருந்தது. அதற்குக் கீழே 'சரிபார்த்தவர்'. அதுவும் அவரேதான்.

பிரிண்ட் எடுக்கும் அண்ணன் தலையைச் சொறிந்தார். "சார்தான்மா நேத்து உக்காந்து மாத்தினாரு. எல்லா ஷீட்லயும். ஏன்னு நான் கேக்க முடியுமா?"

மேலாளருக்கு ஆபீஸில் பட்டப்பெயர் மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலும் கூப்பிட்டு உட்காரவைத்து அரை நாள் பாடம் எடுப்பார். அப்பேர்ப்பட்டவர் இவள் பெயரையே மொத்தமாகத் தள்ளிவிட்டார்.

அதுவும் எந்த நாளில்! வெளிநாட்டுத் தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் பத்து மணிக்கு வருகிறார்கள். அங்கே போகும் பிரதியில் ஆபீஸ் முத்திரை மட்டும்தான் இருக்கும். பெயர்க் கட்டமெல்லாம் இங்கே வைத்துக்கொள்ளும் பிரதியில்தான். 'பதினாலு மாடி டிராயிங்கை வரைந்தவர் யார் என்று தெரியவேண்டும், நேரில் வருகிறோம்' என்று அவர்கள் அனுப்பிய மெயிலை ஆபீஸே படித்திருந்தது.

பாராட்டத்தான் வருகிறார்கள் என்று இவள் முடிவே கட்டிவிட்டாள். தற்காலிக வேலை இன்றோடு நிரந்தரம் என்று வீட்டிலும் சொல்லியாயிற்று. வேலை போய் நாலு மாதமாக வீட்டில் இருக்கும் கணவன், காலையில் அவள் செருப்பைக்கூடத் துடைத்து வைத்தான்.

விறுவிறுவென்று மேலாளர் அறைக்குப் போனாள்.

"சார், என் பேரை..."

"இன்னைக்கு நீ ரெக்கார்ட் ரூம்ல இரும்மா. பழைய ஃபைலெல்லாம் அடுக்கணும்." அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மீட்டிங் ரூம் பக்கம் தலையைக் காட்டக்கூடாது."

"அது நான் வரைஞ்சது சார்!"

"யாரு இல்லேன்னா? போ."

ஃபைல் அடுக்குகிறேன் பேர்வழி என்று ஒவ்வொன்றையும் தூக்கிப் போட்டாள். ஏழு மாதத்தில் ஓய்வு பெறப்போகிற ஆளுக்கு எதற்கு இந்த அல்ப ஆசை? நேற்றுகூட, "வீட்டுக்காரருக்கு ஏதாவது அமைஞ்சுதாம்மா?" என்று தேன் ஒழுகக் கேட்டாரே! சே, என்ன மனுஷன்!

மூன்றாவது ஃபைல் கட்டைத் தூக்கியபோது கை நின்றது. பதினாலு மாடி டிராயிங்கின் பழைய பிரதி. கம்ப்யூட்டரில் மாற்றியவர் காகிதத்தை மறந்துவிட்டார். மூலையில் கொட்டை எழுத்தில் அவள் பெயர்.

வெளியே எட்டிப் பார்த்தாள். மீட்டிங் ரூம் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் உயரமான ஒருவரும், தலைமுடியைக் கட்டையாக வெட்டிய ஒரு பெண்மணியும். எதிரே மில்லிமீட்டர், நெஞ்சில் கை வைத்து, 'நான்தான், நான்தான்' என்கிற மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அவ்வளவுதான். அந்தக் காகிதக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். வந்தவர்கள் மொழியில் ஒரே ஒரு வாக்கியம். நடக்க நடக்க அதையே முணுமுணுத்தாள். தடுமாறக்கூடாது, அழக்கூடாது.

கதவைத் திறந்தாள்.

மேலாளரின் முகம் வெளுத்தது. "நீ ஏம்மா இங்க வந்தே?"

"இவர் யார்?" என்றார் பெண்மணி.

"ஃபைல் அடுக்க வந்த தற்காலிக ஆள். இதுக்கும் அவளுக்கும் சம்பந்தம் இல்லை." அவசர அவசரமாகச் சொன்னார்.

சுருக்கென்றது. ஐந்து மாதம் வரைந்தவள், ஃபைல் அடுக்க வந்த ஆளா? வாயைத் திறப்பதற்குள் உயரமானவர் மேசைமேல் ஒரு படத்தை நகர்த்தினார். லிஃப்ட் வாசல். பக்கத்துச் சுவரை இரண்டு ஆட்கள் உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"பதினாலு மாடியிலும் இதே கதிதான். வாசல் அகலம் அறுபது மில்லிமீட்டர் குறைகிறது. கடைசியாகக் கேட்கிறேன். பதினோராவது ஷீட்டில் இந்த அளவைப் போட்டது நீங்கள்தானா? வரைந்தவரை இன்றே வேலையிலிருந்து நீக்கிவிட்டு வரச் சொல்லி உத்தரவு."

"நான்தான்," என்றார் மேலாளர். "நீக்கிடுங்க."

அவள் கையிலிருந்த கட்டில் பதினோராவது ஷீட்டைப் புரட்டினாள். 872 இருக்கவேண்டிய இடத்தில் 812. 'சரிபார்த்தவர்' கட்டம் காலி. மேலாளர் லீவில் இருந்த அன்று, 'அவசரம்' என்று யாரிடமும் காட்டாமல் அவளே அனுப்பிய ஷீட்.

மேலாளர் அவளையே பார்த்தார். 'போம்மா' என்று அந்தக் கண்கள் கெஞ்சின. கதவு திறந்துதான் இருந்தது. நாலு எட்டு வைத்தால் ரெக்கார்ட் ரூம். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் கணவனுக்குச் சொல்ல ஒரு வேலையாவது மிச்சம் இருக்கும்.

"நீங்கள் ஏதாவது சொல்லவேண்டுமா?" பெண்மணி கேட்டார்.

அவள் பழைய ஷீட்டை உருவி மேசைமேல் விரித்தாள். வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு வந்த வாக்கியத்தில் ஒரு வார்த்தைகூட மாற்றவேண்டியிருக்கவில்லை.

"அந்தக் கட்டத்தில் இருக்கவேண்டியது அவர் பெயர் இல்லை. என் பெயர்."