நழுவும் கயிறு

கயிறு மூன்றாவது முறையாகச் சிபியின் மணிக்கட்டிலிருந்து நழுவிக் கட்டிலில் விழுந்தது. கட்டப்பட்டவர் மனமில்லாமல் எதற்குத் தலையாட்டினாலும் அது தானாக அவிழ்ந்துவிடும். வாய் சொல்வதை அது பொருட்படுத்தாது.

"சரின்னு சொன்னேன்ல?" என்றான் சிபி.

"நீ எல்லாத்துக்கும்தான் சரிங்கற," என்றாள் அவன் மனைவி நறுமுகை. "உண்மையைச் சொல்லு. வேணாம்னா விட்டுடலாம்."

அவன் மின்விசிறியைப் பார்த்தான். "ஆசைதான். கையைப் பின்னால கட்டினாத்தான் பயமா இருக்கு."

"இதைச் சொல்றதுக்கு உனக்கு ஒரு கயிறு வேணுமா, லூசு?"

சிரித்துக்கொண்டே அவன் கைகளை முன்பக்கமாக வைத்துக் கட்டினாள். கயிறு இதமாக இறுகி நின்றது. அவளுடைய சிரிப்புதான் நின்றுபோயிற்று.

"அப்போ கல்யாணத்துக்குச் சரின்னியே, அது?"

"மனசாரத்தான் சொன்னேன். நம்பலைன்னா கயித்தைப் பாரு."

இருவரும் பார்த்தார்கள். கயிறு அசையவில்லை.

நறுமுகை மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவன் நெற்றியில் முத்தமிட்டாள். "அப்படியே, ஞாயித்துக்கிழமை எங்கம்மா வீட்டுக்குப் போறோம். சரிதானே?"

"சரி," என்றான் சிபி.

கயிறு பொத்தென்று அவன் மடியில் விழுந்தது.