அடிலெய்டில் வாடகை குறைவு

“பெர்த் வேண்டாம். இங்க யாராவது செத்துப் போனா, பூவெல்லாம் வாடினப்புறம்தான் வந்து சேருவோம்” என்றான் கிளென்.

நரேல் மடிக்கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “சரி, பெர்த் போச்சு. ஹோபார்ட்?”

“குளிரு.”

“கம்பளி போட்டுக்க.”

“என் முட்டிக்கு யாரு கம்பளி பின்னுவா?”

“பிரிஸ்பேன்?”

“வெள்ளம் வரும்.”

“வந்தா மாடியில ஏறி நில்லு.”

“நாம கொடுக்கிற வாடகைக்கு மாடி வேறயா?”

நரேலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே, சிரித்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல்பட்டவள்போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை. மகள் ஃப்ரேயா நெட்பால் ஆடப் போயிருந்தாள். ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலையை முடித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தான் கிளென். புருவத்தில் மாவு ஒட்டியிருந்தது. பகலில் தூங்குகிறவன். முன்னறைச் சோபாதான் அவன் படுக்கை.

சிட்னியின் புறநகரான பிளாக்டவுனில் இந்த வீட்டுக்கு அடுத்த மாதத்திலிருந்து வாடகை ஏறுகிறது. அதைக் கொடுக்க இருவர் சம்பளமும் பற்றாது. சனிக்கிழமைதோறும் அக்கம்பக்கத்தில் வீடு பார்க்கப் போனார்கள். கூரை ஒழுகுகிற வீட்டுக்குக்கூடத் தெருமுனைவரை வரிசை நின்றது. மனுப் போட்ட எந்த இடத்திலிருந்தும் பதில் இல்லை. சிட்னியை விட்டே போவது என்று நரேல் முடிவு செய்துவிட்டாள். எந்த ஊர் என்பதில்தான் கிளென் இழுத்துக்கொண்டிருந்தான்.

“சிட்னிய விட்டு வர உனக்கு மனசில்ல. அத நேரா சொல்லேன்.”

“இதுவா சிட்னி? ஊரோட அந்தப் பெரிய பாலத்த நான் பாக்கறதே புது வருஷ வாணவேடிக்கையப்போ, டிவியிலதான்.”

“அப்புறம் இங்க உன்ன என்ன பிடிச்சு வச்சிருக்கு?”

கிளென் எழுந்து, கொண்டுவந்த ரொட்டியை அறுத்தான். முனைத்துண்டை வழக்கம்போல அவள் தட்டில் வைத்தான். காய்ந்த முனை வேறு யாருக்கும் பிடிக்காது. நரேலுக்கு அதுதான் வேண்டும்.

“வைக்காதன்னு எத்தனை வாட்டி சொல்றது?”

“சும்மா குப்பைக்குத்தானே போகும்.”

“போகட்டும்.”

ஆனாலும் தின்றாள்.

தேநீருக்குப் பால் எடுத்தார்கள். குளிர்பெட்டியில் மேல் தட்டு அவளுடையது, கீழ்த் தட்டு அவனுடையது. அவள் கொழுப்பு நீக்கிய பாலை ஊற்றிக்கொண்டாள். அவன் குனிந்து தன் பாட்டிலை எடுத்தான்.

“அடிலெய்டு” என்றாள் நரேல்.

கிளென் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தான்.

“சாலிஸ்பரி பக்கம். எங்க அக்கா விசாரிச்சுட்டா. அங்க ஒரு முதியோர் இல்லத்துச் சமையல்கட்டுல எனக்கு வேலை இருக்கு. ரொட்டி ஃபேக்டரி எந்த ஊர்லதான் இல்ல, உனக்கும் கிடைச்சிடும். வாடகையப் பாரு.”

திரையை அவன் பக்கம் திருப்பினாள். கிளென் வெகுநேரம் பார்த்தான். வாடகையில் குறை இல்லை. வேறு எங்காவது இருக்கும் என்று தேடினான்.

“அந்த ஊர்த் தண்ணி வாயில வைக்க முடியாது. டீ போட்டா விளங்காது.”

“கிளென்.”

அந்தக் குரலில் கிண்டல் இல்லை. அவன் கரண்டியைக் கீழே வைத்தான்.

“பாத்ரூம் குழாயத் திறந்துவிட்டுட்டு அழறது எனக்கு அலுத்துப் போச்சு. நமக்குக் கட்டுப்படியாகற ஊர் இது ஒண்ணுதான். தண்ணிய ஒரு குறைன்னு சொல்லிட்டு உக்காந்திருக்காத. இந்த ஒரு தடவையாவது சரின்னு சொல்லு.”

தட்டில் சிதறிக் கிடந்த ரொட்டித் தூளை விரலால் ஒதுக்கி ஒதுக்கி ஒரே குவியலாக்கினான் கிளென். பிறகு அதையும் கலைத்தான்.

“நம்பரச் சொல்லு” என்றான்.

வீட்டு முகவர் அலுவலகத்தில் எடுத்தது ஒரு இளம்பெண். கிளென் போனை மேசைமேல் வைத்து ஒலிபெருக்கியைப் போட்டான்.

“குடும்பத்துக்கா சார்?”

“ஆமா. நானு, இவ, எங்க பொண்ணு.”

“அப்போ உங்க அதிர்ஷ்டம்தான்! நேத்துதான் ஒரு வீடு காலியாச்சு. மூணு படுக்கையறை, பின்னாடி பெரிய எலுமிச்சை மரம். உங்க மூணு பேருக்கு அளவெடுத்துக் கட்டின மாதிரி இருக்கும்.”

“எலுமிச்சை நல்லாக் காய்க்குதா?” என்று கேட்டான் கிளென்.

“கிளை தாங்காம காய்க்குது சார். அத உங்களுக்கே எழுதிடட்டுமா?”

கிளென் நிமிர்ந்து நரேலைப் பார்த்தான். கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் மெல்லத் தலையை ஆட்டி, வேண்டாம் என்றாள்.

“அது வேண்டாம்மா” என்றான் கிளென். “சின்னதா ரெண்டு வீடு வேணும். ஒரு வாரம் இவகிட்ட, ஒரு வாரம் என்கிட்டன்னு எங்க பொண்ணு நடந்து வந்து போற தூரத்துல இருந்தாப் போதும். விவாகரத்து ஆகி ரெண்டு வருஷமாச்சு. சிட்னியில தனித்தனியாப் போக எங்களுக்கு வசதியில்ல.”