தரை தெரியணும்

ஒரே மழையில் சீனியம்மாளின் பண்ணைக்குட்டை விளிம்பு வரை நிறைந்துவிட்டது. மானியத்துக்காக அளவெடுக்க வந்த ஓவர்சியருக்கு முகம் சுண்டிப் போயிற்று.

“இவ்வளவு தண்ணி கெடந்தா ஆழத்த எப்படிம்மா அளக்க? போட்டோவுல தரை தெரியணும். எறச்சிட்டுச் சொல்லுங்க.”

“தண்ணி நிக்கத்தான சார் குட்டையே வெட்டுனது?”

“அதை மேல இருக்கவங்ககிட்ட நானா போய்க் கேக்க முடியும்?”

வயல் ஏற்கெனவே சேறாகிக் கிடந்ததால் அங்கே பாய்ச்சவும் வழியில்லை. வாடகை இன்ஜின் டீசலைக் குடித்துக் குடித்து நல்ல தண்ணீரை ஓடையில் துப்பியது. பார்க்கப் பொறுக்காமல் அவள் திரும்பி நின்றுகொண்டாள்.

மறுவாரம் ஓவர்சியர் வந்தார். வெறுங்குட்டைக்குள் அவளை இறக்கி, ‘மழைநீர் காப்போம்’ என்று எழுதிய பலகையைக் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்.

“சரியா வந்திருக்கு. இனி தண்ணி நெறஞ்ச மாதிரி ஒரு போட்டோ மட்டும் வேணும். அது இருந்தாத்தான் மானியம் ஏறும்.”

சீனியம்மாள் அண்ணாந்து பார்த்தாள். வானம் துடைத்துவிட்டது போலிருந்தது.

“ஏறி வாங்கம்மா.”

“நான் ஏறலை.” பலகையைச் சேற்றில் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். “நெறஞ்சதும் வந்து எடுத்துக்கிடுங்க.”