இடது இடுப்பு

ஜெசிந்தாவின் வளைந்த முதுகெலும்பைக் கம்பியும் திருகாணியும் வைத்து நிமிர்த்த அடுத்த வாரம் அறுவை சிகிச்சை. அதன்பின் பல மாதங்களுக்குக் குனியக்கூடாது, பிள்ளையைத் தூக்கக்கூடாது. அதனால் மருத்துவமனை ஒரு வீட்டு இயந்திரத்தை முன்கூட்டியே அனுப்பியிருந்தது. அவள் செய்வதைப் பார்த்துப் பார்த்து அது கற்றுக்கொள்ள வேண்டும்.

சோறு ஊட்டவும் செருப்பு மாட்டவும் சீக்கிரமே கற்றுக்கொண்டது. அவளைப் போலவே வலப்பக்கம் சாய்ந்து குனிந்தது. இரண்டு வயது மகள் லியோனா அதைப் பார்த்துச் சிரித்தாள். ஜெசிந்தாவுக்கு வயிறு எரிந்தது.

"என் கோணலை எடுத்து இதுக்குக் குடுக்காங்க," என்றாள் கணவனிடம்.

"மெஷினைப் பாத்தா பொறாமைப்படுத?" என்றான் சேவியர்.

அவளுடைய இடது இடுப்பு துருத்தி நிற்கும். லியோனா எப்போதும் உட்காருவது அங்கேதான். ஆனால் இயந்திரத்தின் கண்முன் அவள் பிள்ளையைத் தூக்கியதே இல்லை. "பிள்ளையை எந்தப் பக்கம் தூக்குவீங்கம்மா?" என்று இயந்திரம் கேட்டபோது, "வலப்பக்கம்" என்று பொய் சொன்னாள்.

மருத்துவமனைக்குக் கிளம்பும்போது லியோனா அழுதாள். இயந்திரம் அவளை வலது இடுப்பில் தூக்கி வைத்தது. பிள்ளை நெளிந்து, வழுக்கி, அம்மாவை நோக்கிக் கை நீட்டியது. ஜெசிந்தாவுக்கு உள்ளூர ஒரு திருப்தி. அதற்குள் லியோனா இயந்திரத்தின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு தானாகவே இடப்பக்கம் தாவி உட்கார்ந்தாள். தோளில் கன்னத்தை வைத்ததும் அழுகை நின்றது.

"இந்தப் பக்கமாம்மா?" என்றது இயந்திரம்.

வாசலில் வண்டி காத்திருந்தது.

"ஆமா," என்றாள் ஜெசிந்தா. "தூங்கிட்டா உடனே கட்டில்ல போட்டுரு. சும்மா வச்சுக்கிட்டு நிக்காத."